வசனம் குறைந்த மனிதர்கள்

வடபழனியில் இரண்டாம் மாடி,
கீழே ஜெராக்ஸ் கடை.
கொரியத் தொடர்கள் தீர்ந்துபோன வாரம்
ஃபெலிசியா ஒரு ஹார்ட் டிஸ்க்கை நீட்டினாள்:
"பதினொண்ணு இருக்கு. எல்லாம் பழசு. குதிரைப் படம்."
எனக்குச் சம்பளம் வரிக்கணக்கு.
திரையின் அடியில் தமிழ் ஒரு வரி ஓடினால்
நான்கு ரூபாய்.

முதல் படத்தில் பதினாறு நிமிஷம்
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
குதிரை வந்தது. தூசி வந்தது.
ஒருவன் இறங்கினான், தொப்பியைத் தொடையில் தட்டினான்,
குதிரைத் தொட்டியில் குதிரைக்கு முன்னால் குடித்தான்.
என் வருமானம் பூஜ்ஜியம்.
பிறகு அவன் சொன்னான்:
"ம்."

'ம்' என்றே போடலாமா,
'சரி' என்றா, 'பார்க்கலாம்' என்றா,
'நீ செத்தாய்' என்றா?
நான்கு ரூபாய்க்கு
அரைமணி நேரம் யோசித்தேன்.

நடிகர்களின் பெயர் எனக்குத் தெரியாது.
நானே வைத்துக்கொண்டேன்.
தாடைக்காரர்.
கண்ணைச் சுருக்குகிறவர்.
மூன்றாம் படத்தில் செத்து
ஐந்தாம் படத்தில் வேறு மீசையோடு வந்து
மறுபடி செத்தவர், அவரைத்தான் ரொம்பப் பிடித்தது.
கன்னத்தில் அம்மைத் தழும்பு,
எங்கள் ஏரியா மின்வாரியக்காரர் ஜாடை.

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.
அந்த வெயிலில் எதற்குக் கோட்டு,
குளிக்கவே மாட்டார்களா,
ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஒன்பது சத்தம்;
எண்ணி எண்ணி ஓரத்தில் குறித்துவைத்தேன்.
ஏழாவது படத்தில் எண்ண மறந்தேன்.
பேசினால் குறைந்துவிடுகிற ஏதோ ஒன்று
அவர்களிடம் இருந்தது.
அல்லது வசனம் மறந்துபோயிருக்கலாம்.
பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது
என் கண் தானாகச் சுருங்கியிருந்ததை
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்.
கண்டக்டர் அன்று சில்லறை கேட்கவில்லை.

மே மாதம். அயனாவரம்.
மூன்று நாளாக வராத லாரி
மதியம் ஒன்றரைக்கு வந்தது.
தெருவில் மருந்துக்குக்கூட நிழல் இல்லை.
பச்சைக் குடம், நீலக் குடம்,
விரிசலில் மெழுகு வைத்த என் சிவப்புக் குடம்.
தனசீலன், கையில் குழாயோடு,
"முதல்ல கோடியில கட்டுற பில்டிங்குக்கு" என்றான்.
ஷகிலா பானு திட்டத் தொடங்கினாள்.
நல்ல திட்டுகள்,
வரிக்கு நான்கு ரூபாய் தாராளமாகப் பெறும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
குழாய்க்கும் கட்டடத்துக்கும் நடுவே போய் நின்றேன்,
நைட்டிக்கு இருபுறமும் கையைத் தொங்கவிட்டு,
விரல்களை லேசாக விரித்து.

அந்தப் படங்களில் முள்ளுருண்டை உருளும்.
இங்கே ஒரு பால் கவர் உருண்டு வந்து
இருவருக்கும் நடுவில் நின்றது.
ஒரு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் அவனை.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"
நிஜமாகவே கேட்டான்.
"ம்" என்றேன்.
குழாயை எங்கள் பக்கம் திருப்பினான்.
ஆளுக்கு நாலு குடம், மிச்சம் கட்டடத்துக்கு.
ஜெயித்தேனா என்று இன்னும் தெரியவில்லை.
மெழுகு இளகி ஒரு குடம் வழியெல்லாம் ஒழுகியது.

பதினோராவது படம்.
கடைசியில் அவர் போகிறார்;
அவர்கள் எப்போதும் போகிறார்கள்.
வாசலில் ஒருத்தி, மாவு ஒட்டிய கை.
உதடு அசைகிறது, சத்தம் இல்லை.
ஸ்கிரிப்டில் அந்த இடம் காலி.
மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு
நானே எழுதினேன்:
"போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போ. மாடு வந்துடும்."

மறுநாள் சரிபார்ப்பிலிருந்து திரும்பியது,
மஞ்சள் பூசி: மூலத்தில் இல்லை.
அழித்தேன்.
அந்த நான்கு ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள்.

அவர் போய்க்கொண்டே இருக்கிறார், சின்னதாகி,
ஒரு தொப்பி அளவுக்கு.
கேட் திறந்தே கிடக்கிறது.