சொல் கேட்கிறவள்

கஜீவனுக்குக் கொரியா போகவேண்டும்.
எனக்கு அவன் பாஸ் பண்ணவேண்டும்.
அதனால் வெள்ளவத்தையில்
கடல் பக்க ஒழுங்கையொன்றின்
மூன்றாம் மாடி ஒற்றை அறைக்குள்
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
நான் கேட்பேன், அவன் சொல்லுவான்.

சுத்தியல்?
மங்ச்சி.
தலைக்கவசம்?
அன்ஜொன்மோ.
ஆணி?
மொத்.
முடியாது?
அதுவும் மொத் தான்.

“என்ன பாஷையப்பா இது,
ஆணியும் முடியாததும் ஒண்டா?”
கோப்பை கழுவிக்கொண்டே சொன்னேன்:
“இந்தச் சுவரில அடிச்சுப் பார், விளங்கும்.”
வீட்டுக்காரர் ஒரு கலண்டர் மாட்டக்கூட
விடமாட்டார்.

வகுப்பு மருதானையில், மருந்துக்கடைக்கு மேலே.
லசந்த மாஸ்டர் கொரியனைச் சிங்களத்தில் சொல்ல
இவன் அதைத் தமிழில் எழுதி
நூறாம் இலக்க பஸ்ஸில் நசுங்கி
வீட்டுக்குக் கொண்டுவருவான்.
சில சொற்கள்
பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிடும்.
நுன் என்றால் கண்.
நுன் என்றால் வானத்திலிருந்து விழும் பனியும்.
முதலாவதால் இரண்டாவதை
அவன் இன்னும் கண்டதில்லை.

பகலில் எனக்கு ஆங்கிலம்.
கோட்டையில் சரக்குக் கப்பல் கம்பெனி,
ஏசிக்கு நேர்கீழே மேசை.
‘ஐ ஆம் யூஸ்ட் டு வெயிட்டிங்’:
காத்திருந்து எனக்குப் பழகிவிட்டது.
‘ஐ யூஸ்ட் டு வெயிட்’:
முன்பு காத்திருந்தேன், இப்போது இல்லை.
நடுவில் ஒரு குட்டி ‘ஆம்’.
அது விழுந்தால் ஆளே மாறிவிடுகிறாள்.

ஒருநாள் ரொட்டர்டாமிலிருந்து கேள்வி:
கொள்கலன் இன்னும் ஏற்றவில்லையா?
யெஸ் என்று போட்டேன்.
ஓம், ஏற்றவில்லை என்று நான்.
ஏற்றியாயிற்று என்று அவர்கள்.
மிஸிஸ் கெலார்ட் கண்ணாடியைக் கழற்றினார்.
“எப்படிக் கேட்டாலும் சரி,
இல்லாததற்கு நோ. அவ்வளவுதான்.”
அவ்வளவுதான் என்பதற்கு
என் சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது.

கஜீவன் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.
“கொரியன் எங்கட ஆக்கள் மாதிரித்தான்.
போகேல்லையா எண்டு கேட்டா
நே எண்டு சொல்லவேணும்.
ஓம், போகேல்லை.”
நே.
காதுக்கு நோ மாதிரி இருந்தது.

வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவு.
புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின.
ஒன்பதரை மணி
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.
அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான்.
சுவரில் ஒரு பல்லி.
பல்லி பல்லி என்றால் கெதியா கெதியா.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வெங்காயம் உரிக்கும்போது யங்பா.
படி ஏறும்போது கேதான்.
ஜன்னலைத் திறந்தால் பதா,
உப்புக் காற்றோடு, முழுக் கடலும்.
ஆறு மாதம் கேள்வி மட்டும் கேட்டவளுக்கு
விடை எல்லாம் எப்போது ஒட்டிக்கொண்டது?
கடந்த வருடத் தாளை
கந்தோர்க் கழிப்பறையில் இருந்து செய்து பார்த்தேன்.
இரண்டு தரம் திருத்தினேன்.
முதல் தரம் நம்பவில்லை.

விண்ணப்ப வரிசையில் முந்நூறு பேர் இருக்கும்.
பெண்கள், என்னோடு ஏழு.
முன்னால் நின்ற பெடியன் திரும்பி
“அண்ணாவுக்கா அக்கா?” என்று கேட்டான்.
வெயில் என்று சொல்லி
ஃபோமால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதை மடித்து
ஆங்கில அகராதிக்குள் வைத்திருந்தேன்.
அவன் அகராதியைத் தொடுவதே இல்லை.
நேற்று ஏன் தொட்டான் என்று தெரியாது.
ஃபோமை விரித்தான். என் படத்தைப் பார்த்தான்.
திரும்ப என் மடிப்பிலேயே, கவனமாக, மடித்தான்.
பாண் வெட்டத் தொடங்கினான்.
ஒரு துண்டு, இன்னொரு துண்டு,
இரண்டு பேருக்கு அதிகமாகவே வெட்டிவிட்டு
முகம் பார்க்காமல் கேட்டான்:
“நீ போகமாட்டாய், என்ன?”

“ஓம்” என்றேன்.

பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போனது.
எந்தப் பாஷையில் என்று
அவன் கேட்கவில்லை.