மட்டம்

லீட்ஸ் கடைத்தெருவில்
இரண்டு செருப்புக் கடைகளுக்கு நடுவே
தோள் உரச நுழையும் சந்து.
சந்தின் முடிவில் விழாமல் நிற்கிறது
'மூன்றுகால் ஆடு'.
முந்நூறு வருஷமாய்ச் சாய்கிறது,
அவசரமில்லை அதற்கு.

நான் குடிக்க வரவில்லை.
நகராட்சி, எடை அளவைப் பிரிவு.
அடையாள அட்டை உள்பையில்.
புகார் இதுதான்:
பைன்ட் என்று சொல்லி நுரையை விற்கிறார்கள்.

நாலு கைபம்புகள்.
ஈரச் செம்மறி, பிஷப்பின் முழங்கால், செவ்வாய்க்கிழமை.
நாலாவதன் பெயரட்டை
சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
"பீப்பாய் தீந்துபோச்சு.
கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும், கண்டுக்காதீங்க"
என்றாள் தெல்மா ஓட்ராய்ட்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன்.
அன்று வியாழன்.

நெடிய மூன்று இழுப்பு.
எங்கோ கீழே நிலவறை தொண்டையைச் செருமியது.
கலங்கலாய் வந்து
அடியிலிருந்து மெல்லத் தெளிந்தது ஏல்,
தலைமேல் இரண்டு விரல் நுரை.
"நுரையில்லாம லண்டன்ல குடிப்பாங்க,
ஆறின டீ மாதிரி."

குனிந்து பார்த்தேன்.
இடப்பக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது,
வலப்பக்கம் கோட்டை எட்டவில்லை.
சுற்றிப்போய் எதிரே நின்று பார்த்தேன்,
இப்போது இடம் குறைவு, வலம் கூடுதல்.
மேடை ஒரு பக்கம் சரிந்திருந்தது,
தரை இன்னொரு பக்கம்.
சுவரில் மாட்டிய பந்தயக் குதிரை
மலையேறிக்கொண்டிருந்தது.
அந்த அறையிலேயே மட்டமாய் இருந்தது
என் கோப்பைக்குள் இருந்த பியர் ஒன்றுதான்.

நிறைகுடம் தளும்பாது என்றவர்
இங்கே குடம் வைத்துப் பார்த்ததில்லை.

"ஆணிக்குக் கொண்டுபோங்க"
என்றான் எவர்ட்டன்,
பஸ் ஓட்டுநர் சீருடை, பாதி பொத்தான் கழன்று.
என்ன ஆணி?
கணப்புக்குப் பக்கத்தில், நாய்க்கு அடியில்.
பன்றிவறுவல் ஒன்றுக்கு நாய் மறுத்தது.
இரண்டுக்கு எழுந்தது.
தரைப்பலகையில் தேய்ந்த பித்தளைத் தலை.
"உங்க ஆபீஸ்காரர் அடிச்சதுதான், எண்பத்தொண்ணுல.
நாள் முழுக்கத் தவழ்ந்து தேடினாரு.
மட்டமான இடம் இது ஒண்ணுதான்."

அட்டையை நான் எடுக்கவே இல்லையே.

முழங்காலிட்டேன்.
ஆணிமேல் கோப்பை.
ஒவ்வொரு குமிழியாய் நுரை இறங்கும்வரை
யாரும் பேசவில்லை,
டார்ட் அம்பு ஒன்று கையிலேயே நின்றது.
கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

தெல்மா ஜாடியோடு வந்து
அந்த மயிரிழையை ஊற்றினாள்.
"கேட்டா ஊத்துவோம். எப்பவும் ஊத்துவோம்.
புகார் எழுதினவரு கேக்கல."
ஜன்னலோரம் ஒருவர்
செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

விதிப்படி
மாதிரியைக் குடுவையில் ஊற்றி
முத்திரை வைக்க வேண்டும்.
"வைங்க. உயிருள்ள சரக்கு அது,
உள்ளேயே வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்.
ராத்திரி உங்க மேஜையில மூடி பறக்கும்."

குடித்துவிட்டேன்.
ஐஸின் குளிர் இல்லை, கல்லின் குளிர்.
கருகிய ரொட்டி விளிம்பு,
பிறகு ஆரஞ்சுத் தோல்,
கடைசியில் நாக்கைப் பிடித்துக்கொண்ட கசப்பு.
சாட்சியம் மேலுதட்டில் வெள்ளையாய் நின்றது.

'அளவு' என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆணிமேல் சரி.
மேலதிகாரி விளக்கம் கேட்பார்.
இன்னொரு செவ்வாய்க்கிழமை ஊற்றச் சொன்னேன்,
சொந்தக் காசில்.

கடைசி மணி அடித்தபோது
நாய் திரும்பி வந்து
ஆணியைச் சுற்றி மூன்று முறை நடந்து
படுத்தது.