வெளியே நின்று பார்த்துச் சொல்லு

உவர்மலையில் மின்சாரம் போய் வந்த இரவில்
ஏழு, பன்னிரண்டாகிவிட்டது.
நடந்தது அவ்வளவுதான்.
கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள்.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே, அரிசி வாளிக்குப் பக்கத்தில்
பழைய கணினி ஒன்று விசிறி இரைய ஓடுகிறது.
அதற்குள் என் பௌதிகவியல் வகுப்புகள்,
முஃப்லிஹாவின் இரசாயனவியல்,
பதினொரு வருட வினாத்தாள்கள்.
டேட்டா மலிவான நடுச்சாமத்தில்
மூதூர்ப் பிள்ளைகள் வந்து எடுத்துப் போகவேண்டும்.
வந்தார்கள். கதவைக் காணவில்லை.

யார் வந்து 8080 இல் தட்டினாலும்
192.168.1.7 க்கு அனுப்பு என்று
ரவுட்டருக்குச் சொல்லி வைத்திருந்தேன்.
சொன்னதை மட்டும் செய்கிற சாமான் அது.
அன்றிரவு அது கண் விழித்தபோது
கணினி இன்னும் எழும்பவில்லை.
பற்றரி உள்ள என் தம்பியின் போன் முந்திக்கொண்டு
ஏழாம் இலக்கத்தில் குந்திவிட்டது.
வெப்பவியல் கேட்டு வந்தவர்களெல்லாம்
மூன்று இரவு
கரம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு போனின் நெற்றியில்
தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கணினியின் பிறவி இலக்கத்தைத் தேடி எடுத்து
ஏழை அதன் பேரிலேயே எழுதினேன்.
காணி உறுதி முடித்த மாதிரி ஒரு நிம்மதி.
தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் இருந்தது.

வெளிமுகவரியை என் போனில் அடித்தால்
ரவுட்டரே வந்து கடவுச்சொல் கேட்கிறது.
வீட்டுக்குள் இருந்துகொண்டு
படலையை வெளியிலிருந்து தட்டிப் பார்க்க ஏலாது.
முஃப்லிஹா, நீ பார்த்துச் சொல்லு.

மாடியில் ஏறினால்
குடாவுக்கு அப்பால் மூதூர் வெளிச்சம்.
அதில் ஒரு புள்ளி அவள் வீடு.
டோர்ச் அடித்தால் தெரியும் தூரம்.
ஆனால் அவள் தட்டுகிற தட்டு கடலைத் தாண்டாது.
கொழும்புக்குப் போய், பெயர் தெரியாத கட்டடத்தில் மூச்சு வாங்கி,
ஹபரணைக் காட்டால் திரும்பி வரவேண்டும்.
‘இல்ல.’
‘இப்பவும் இல்ல.’
‘பொறு, சோற்ற இறக்கிப்போட்டு வாறன்.’

பிறகுதான் பார்த்தேன்.
என் வெளிமுகவரி நூறில் தொடங்குகிறது என்கிறது ரவுட்டர்.
வெளியுலகம் எனக்கு வேறொன்று வைத்திருக்கிறது.
இரண்டும் ஒத்தால்தான் வீடு தெருவோரம்.
ஒவ்வாவிட்டால் நாங்கள் இன்னொரு பெரிய வளவுக்குள்:
எத்தனையோ குடும்பம், ஒரே படலை,
திறப்பு அவர்களிடம்.

தமிழுக்கு மூன்றை அழுத்திவிட்டு
பதினாறு நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன்.
நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் உண்டாம்,
படிவம் ஒன்றும் உண்டாம்.
முதல் கட்டம்: நிரந்தர முகவரி.
அடையாள அட்டையில் சம்பூர்.
மின்பட்டியலில் உவர்மலை.
‘ரெண்டும் ஒத்திருக்க வேணும் மிஸ்.’
‘அதைத்தான் தங்கச்சி
ரவுட்டருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.’
அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.
வேறு ஏதும் உதவி தேவையா என்று கேட்டது.

உள்ளே வரத்தான் தடை. வெளியே போக இல்லை.
இது உறைக்க இன்னும் ஓர் இரவு போயிற்று.
சிங்கப்பூரில் கடுகளவு கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன்,
ஒரு கிலோ சூடை மீனை விடக் குறைந்த காசுக்கு.
மேசைக்குக் கீழிருந்து நானே அதைக் கூப்பிட்டு
கூப்பிட்ட கோட்டை வெட்டாமல் பிடித்துக்கொண்டேன்.
வருகிறவர்கள் அங்கே தட்டட்டும்.
இங்கே கேட்கும்.

சாமம் ஒன்று பத்து.
கேற்றடியில் மான் ஒன்று
என் செவ்வரத்தையைத் தின்றுகொண்டிருந்தது.
துரத்த எழும்பவில்லை.
விசிறி திடீரென்று உரத்தது.
பதிவில் ஒரு வரி விழுந்தது.
அதன் கீழ் இன்னொன்று. பிறகு ஏழெட்டு.

முஃப்லிஹா எழுதினாள்: ‘திறக்குது.’
ஒரு நிமிடம் கழித்து,
‘ஆனா உங்கட நாலாம் அலகு, ரெண்டாம் பாகம்,
வாய் மட்டுந்தான் அசையுது.
மைக்க போட மறந்திட்டீங்களா?’