அரை, கால், வீசம்

காலை ஐந்தே கால்.
ஈசூன் இன்னும் தூங்குகிறது.
பள்ளியின் பின்வாசலில் காவலர் ரம்லி
கொட்டாவியோடு கேட்டைத் திறக்கிறார்.
மூன்றாம் எண் கடையில் முதலில் விழிப்பது
சோற்றுப் பானை.

பழுப்பரிசிக்குத் தண்ணீர் கூடுதல் வேண்டும்,
நேரமும் கூடுதல்.
வெள்ளையோடு கலந்து வேகவைத்தால்
வெள்ளை குழையும், பழுப்பு முறைக்கும்.
இரண்டு வருடமாகிறது,
இரண்டும் சமாதானமாகிவிட்டன.
நான்தான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.

சுவரில் ஒரு தட்டின் படம்.
அரைத் தட்டு காயும் பழமும்.
கால் தட்டு சோறு.
கால் தட்டு கோழி, மீன், அல்லது தௌக்வா.
மூன்றாம் வகுப்பு லோகிதன் அதைப் பார்த்து,
"ஆன்ட்டி, இது எங்க கணக்குப் பாடம்" என்றான்.
அரையும் காலும் காலும் ஒன்று.
சரிதான்.
ஆனால் எனக்கு இன்னும் கீழே இறங்கத் தெரியும்:
அரைக்கால், மாகாணி, வீசம்.
வீசம் என்பது
லோகிதன் தின்னும் கேரட்.

ஒன்பதரைக்கு மணி.
அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் ஆளில்லை,
கரண்டி.
"ஆன்ட்டி, காய் வேண்டாம்."
"ஆன்ட்டி, கொஞ்சமா."
"ஆன்ட்டி, அவனுக்கு மட்டும் ஏன் பெரிய கோழி?"
அட்டையைத் தொட்டால் இயந்திரம் ஒரு தடவை 'டிட்' என்கிறது.
அப்பா பணம் போட்ட அட்டைக்கும் அதே டிட்.
பள்ளி உதவித்தொகை போட்ட அட்டைக்கும் அதே டிட்.
அதைச் செய்தவர் யாரோ,
நன்றாக இருக்கட்டும்.

இடைவேளை முடிந்ததும்
மிச்சத்தொட்டியைத் தராசில் ஏற்றுகிறார்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.
ஜியா ஹுய் குறித்துக்கொள்கிறாள்:
முட்டைக்கோஸ், நாலு கிலோ இருநூறு.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நாலு கிலோவும் என் கைவிரல் நறுக்கியது.

மறுநாள் நான் கடத்தல்காரி ஆனேன்.
பேரிலேயே முட்டை இருக்கிறது,
முட்டைக்குள் போனால் என்ன குற்றம்?
நூலாகச் சீவி, அடித்து ஊற்றி, மடித்துச் சுருட்டினேன்.
தராசு இறங்கியது.
ஒன்று எழுநூறு.
ஜியா ஹுய் கட்டைவிரலை உயர்த்தினாள்.

லோகிதன் மட்டும்
கரண்டி முனையால் முட்டையைப் பிரித்துப் பார்த்தான்,
சுங்கத்துறை அதிகாரி மாதிரி.
தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.
இருவருக்கும் நடுவில் சோற்று ஆவி.
கத்தப்போகிறான் என்று நினைத்தேன்.
காலித் தட்டோடு திரும்பி வந்து,
"இன்னொண்ணு" என்றான், மெதுவாக.
வாய் மூடியதற்குக் கூலி.
கொடுத்தேன்.

இரண்டு மணிக்குத் தரை கழுவியாகிவிடும்.
அப்போதுதான் எனக்குப் பசிக்கும்.
நின்றபடியே ஒரு கப் மீ,
மசாலாப் பொட்டலம் முழுதும்,
பக்கத்தில் கோப்பி, பால் தூக்கலாக.
போன மாதம் பலதுறை மருந்தகத்தில்
என் சர்க்கரை எட்டரை.
அங்கேயும் ஓர் அரை.
தாதி ஒரு தாளை நீட்டினார்,
அதே தட்டு, அதே கோடுகள்.
"தெரியும்மா" என்றேன்.
"என் கடைச் சுவரில் இருக்கிறது."

இன்று பூப்பந்துப் பயிற்சிக்குத் தங்கியவன்
தண்ணீர் பிடிக்க வந்தான்.
கப்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்,
பிறகு என்னை.
"ஆன்ட்டி, உங்க காய் எங்கே?"

முந்நூறு பேருக்குச் சொல்ல
என்னிடம் பதில் இருக்கிறது.
ஒருத்திக்கு இல்லை.
குளிர்பெட்டியைத் திறந்தேன்.
நாளைக்கென்று சீவிவைத்த கோஸில்
ஒரு சிட்டிகை கிள்ளி மீயில் போட்டேன்.

எட்டிப் பார்த்தான்.
"எவ்வளவு போட்டீங்க?"
"வீசம்."
"அப்படின்னா?"
"பதினாறில் ஒண்ணு."

கண்ணை மூடி மனசுக்குள் தட்டை வெட்டினான்,
பாதியாக, பாதியாக, பாதியாக, மறுபடி பாதியாக.

"ஆன்ட்டி,
அது ரொம்பக் கம்மி."