ஆறும் வேகம்

சுங்கத்தில் பெட்டியைத் திறந்தவரின்
சட்டைப்பைக்கு மேல் ரிஸ்மி என்றிருந்தது.
பதினொரு கிலோ. கறுப்பு. ஓட்டை ஓட்டையாய்.
"பெறுமதி?"
இல்லை என்று எழுதினேன்.
"பெறுமதி இல்லாத கல்லுக்கு
விமானக் கூலி யார் கட்டினது?"

நியாயமான கேள்வி.
எரிமலை இல்லாத தீவில்
எரிமலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இங்குள்ள பாறையெல்லாம்
நசுங்கி, மடிந்து, மிகப் பழையது;
தான் கொதித்த கதையைக் கேட்டால்
வேறு யாரையோ கை காட்டும்.

அகேட் உரலில் இடித்தேன்,
இடியப்ப மாவைவிட நைசாக.
சிலிக்கா நாற்பத்தொன்பது,
இரும்பு பதினொன்று, மக்னீசியா எட்டு.
எல்லாம் கூட்டினாலும் நூறு வராது.
குறைகிற அந்தக் கொஞ்சம்
நீராவி, கந்தகம்:
முன்னமே வெளியேறிப் போனவர்களின் கணக்கு.

பிளாட்டினக் கம்பியை வளையமாக்கி
மாவை அதில் ஒட்டி
உலைக்குள் தொங்கவிட்டோம், அஜந்தவும் நானும்.
மூக்குத்தியளவு பாறைக்குழம்பு.
ஆயிரத்து இருநூற்றுப் பத்துப் பாகையிலிருந்து
மணிக்கு மூன்று பாகையாய் இறங்கவேண்டும்.
ஐம்பது மணித்தியாலம்
ஒருவரும் கதவைத் தொடக்கூடாது.

அந்த மாதம் பத்திரிகை
நகரத்தை எழுத்துகளாய்ப் பிரித்துப் போட்டிருந்தது,
எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று.
டீசல் வரிசையில்
அஜந்தவின் மைத்துனன் கேனோடு மூன்று நாள் நின்றான்.
இருபது லீற்றர்.
அது இரண்டு வெட்டுகளைத் தாண்டியது.
மூன்றாவது, பிற்பகல் இரண்டே கால்:
மின்விசிறி நின்ற பிறகுதான்
காலி வீதியின் ஹோர்ன் அத்தனையும் கேட்டது.
உலையில் கடைசியாய்த் தெரிந்த சிவப்பு எண்
1117.
அஜந்த சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
பிறகு மன்னிப்புக் கேட்டான்,
என்னிடம் இல்லை, உலையிடம்.

மணியைப் பிசினில் புதைத்து
முப்பது மைக்ரோனுக்குத் தேய்த்தெடுக்க ஒரு வாரம்.
அன்றைக்கும் கரண்ட் இல்லை.
அலுமாரிக்குள் கிடந்த பழைய நுணுக்குக்காட்டியின்
அடிக்கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பினேன்.
வெள்ளவத்தைக் கடலின் வெளிச்சம்
குழாய் வழியே ஏறி வந்தது.

முனைவுத் தகட்டைக் குறுக்கே தள்ள
உறைந்த குழம்பு முழுக்க இருட்டு;
அதற்குள் ஒரேயொரு ஒலிவின்,
நீலமும் தேசிக்காய் மஞ்சளுமாய்.
நடுவில் முகம் வெட்டித் திரண்ட உடம்பு,
முப்பத்தொரு மணித்தியாலப் பொறுமை.
ஓரத்தில் இறகு.
எல்லாப் பக்கமும் சிதறி ஓடிய இறகு.
அவசரத்தில் வளர்ந்ததற்கு
சதை பிடிக்க நேரமில்லை,
எலும்பு மட்டும் எட்டும் வரை எட்டியிருக்கிறது.

கெட்டுப்போன பரிசோதனை என்று
கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு, வேறு வேலை இல்லாததால்,
பெட்டியில் வந்த கல்லின் சீவலை
அதே வெளிச்சத்தில் வைத்தேன்.

அதே உடம்பு. அதே இறகு.

மலைக்கும் ஒரு இரண்டே கால் வந்திருக்கிறது.
அடியில் ஆறுதலாய் வளர்ந்துகொண்டிருந்ததை
யாரோ கேளாமல் வெளியே எறிந்திருக்கிறார்கள்,
குளிர் காற்றுக்குள்.
அடிக்கோட்டை அழிக்க அழிரப்பர் தேடினேன்.
பேனையால் போட்டிருந்தேன்.

ஏழு மாதம் கழித்து
பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார்:
"1117 பாகையில் ஆறும் வேகம்
திடீரென மாறியது ஏன்? விளக்குக."
எழுத்துகளைப் பற்றி எழுதினேன், அழித்தேன்.
வரிசையைப் பற்றி எழுதினேன்,
அது இரண்டு பக்கம் போயிற்று, அழித்தேன்.
மிஞ்சியது:
மின்வெட்டு, கொழும்பு, பிற்பகல் 2.15.

அஜந்த வாசித்தான்.
நன்றியுரையில் மைத்துனனைக் காணோமே என்றான்.
சேர்த்தேன், பல்கலைக்கழகத்துக்கும்
நிதி தந்த சபைக்கும் கீழே:
லசித்துக்கு,
இருபது லீற்றருக்கு.