ஐம்பத்திரண்டு கிலோ

எடைமேடைக்கு ஜல்லி வரும், நெல் வரும்,
கேரளாவுக்குப் போகிற வாழைத்தார் வரும்.
அன்றைக்கு ஒரு புல்லட் வந்தது,
இடப்பக்கம் இடுப்பில் பற்றவைத்த இரும்புப் பலகையும்
அதன் ஓரத்தில் ஆட்டோவின் ஒற்றைச் சக்கரமுமாக.
இருநூற்று எண்பது, சீட்டுக்கு நாற்பது ரூபாய் என்றேன்.
சீட்டை மடித்துக்கொண்டே ஞானதுரை கேட்டான்:
‘ஒங்க எடை எவ்வளவு?’
செருப்பைக் கழற்றியிருப்பேன்.
அவன் முகத்தில் கணக்கு மட்டும்தான் இருந்தது.

மச்சினன் தம்மாமுக்குப் போய்விட்டானாம்.
பலகைக்கு ஆள் இல்லையாம்.
ஆள் இல்லாமல் இடப்பக்கம் ஒடித்தால் வண்டி கவிழும்,
வலப்பக்கம் ஒடித்தால் பின்சக்கரம் வழுக்கும்.
‘நேரா ஓட்டலாம்.
நேரா ஓட்டுதது ரேஸா?’

ஞாயிறு, காலை ஐந்தரை,
கங்கைகொண்டான் சிப்காட் ரோடு.
ஷிப்டு முடிந்த காவலாளி ஒருத்தர்,
நடுரோட்டில் இரண்டு மயில்.
மச்சினனின் ஹெல்மெட்டில் இன்னும் மச்சினனின் எண்ணெய் வாடை.
முழங்காலில் சோபா ரெக்சின்,
முழங்கையில் அறுத்த கிரிக்கெட் பேடு.
பெல்ட் எங்கே என்றேன்.
‘கெட்டிப்போட்டா நீ சிமெண்டு மூட்டெ.
மூட்டெயை ஏத்த ஒன்ன எதுக்குக் கூப்பிடுதேன்?’

முதல் சுற்றில் நான் வளைவையே பார்க்கவில்லை.
பலகையில் பதினேழு திருகாணி,
ஒன்றுக்குத் தலை தேய்ந்திருந்தது.
இரண்டாவது சுற்றில் குடித்த டீ திரும்பி வந்தது.
மூன்றாவதில்தான்
இடக்கையை நீட்டி, இடுப்பை வெளியே எறிந்து,
சக்கரத்துக்கு அப்பால் தொங்கினேன்.
தோளுக்கும் தாருக்கும் நடுவே ஒரு சாண்.
பிறகு நாலு விரற்கடை.
ரோட்டுக்கு ஒரு வாசனை உண்டு,
ஆட்டுப்புழுக்கையும் நேற்றைய வெயிலும்;
இருபத்தெட்டு வருஷம் நடந்தும் எனக்குத் தெரியாது.

வலது வளைவு வேறு கதை.
அவன் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து
பின்சக்கரத்தின் மேல் நெஞ்சை அமுக்கி
அந்தப்பக்கம் தலையை நீட்ட வேண்டும்.
தாழையூத்து ஆள் எவனாவது பார்த்தால்
இந்த வருஷக் கொடைக்கு
வில்லுக்காரருக்கு வேலையில்லை.

நாலாவது ஞாயிறு, ஒரு நொடி பிந்தினேன்.
காரணம் என்ன, மயில்தான்.
சக்கரம் எழுந்தது, மெதுவாக,
தூங்குகிறவன் கையைத் தூக்குகிற மாதிரி.
அப்புறம் வானம், அப்புறம் உடைமரம்.
குறட்டால் என் முதுகில் முள் பிடுங்கியபடி
‘நீ போயிட்டியான்னு பாக்காம திரும்பிட்டேன், எம் தப்பு’ என்றான்.
‘எந்தப்பு. மயிலெப் பாத்தேன்.’
கொஞ்ச நேரம் தப்புக்குச் சண்டை போட்டோம்.
காவலாளி வண்டியை நிமிர்த்திவிட்டுப் போனார்.

இப்போது பேச்சே கிடையாது.
கியர் இறங்கும்போது எஞ்சின் ஒரு முனகு முனகும்,
அது எனக்கு.
நான் போய் அமர்ந்ததும் பின்பக்கம் ஒரு தாழ்வு தாழும்,
அது அவனுக்கு.
நான் நகராமல் அவன் திரும்ப முடியாது.
எங்கள் வீட்டில் எந்த ஆம்பளைக்கும்
இப்படி ஒரு கட்டாயம் இருந்ததில்லை.

திங்கள் மதியம், லாரி இல்லாத நேரம்,
மேடையில் ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும்: ஐம்பது.
மிச்ச ரெண்டு கிலோவை அதற்குத் தெரியாது.
இடது ஓரத்துக்கு நடந்தேன், ஐம்பது.
வலது ஓரம், ஐம்பது.
குதித்தேன்.
தொண்ணூறு, பூஜ்யம், எழுபது என்று
எண்கள் தட்டழிந்தன.
கேட்டில் ஜல்லி லாரி ஹார்ன் அடித்தது.
‘யக்கா, மேடையில என்ன ஆட்டம்?’
வண்டிய ஏத்துலே என்று ஓரமாக நின்றேன்.
மேட்டில் ஏற அவன் கியரை இறக்கினான்.

என் இடுப்பு
தன்பாட்டுக்கு இடப்பக்கம் போனது.