போயாவோடு சேர்த்து மூன்று நாள்

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
கடலுக்குப் போக எவ்வளவு என்று
கணக்குப் போடுகிறாய், தயா.
மீட்டர் வாசிக்கிறவன் எழுத்து:
ஏழு மட்டும் எப்போதும் சாய்ந்திருக்கும்.

பண்டாரவளையிலிருந்து மொனராகலை,
அங்கே பஸ் மாறிப் பொத்துவில்,
பிறகு ஆட்டோ.
ரூமுக்குச் சீசன் முடிந்த விலை.
மீனுக்கென்று தனியே ஒரு வரி எழுதி
இரண்டு முறை அடிக்கோடிடுகிறாய்.
ஐஸ் பெட்டியில் மலையேறி வந்த சாளையைத்தான்
பதினோரு வருடமாய் ஆய்கிறேன் நான்.

கல்யாணத்துக்கு மறுவாரம் போயிருக்க வேண்டிய கடல்.
எல்லப் பாதையில் மண் சரிந்து
பஸ் திரும்பிவிட்டது.
அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன
முட்டை ரொட்டியை
வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு,
பயணம் போனவர்கள் மாதிரியே தின்றோம்.

இப்போது கிசுகிசுப்பில் பேசுகிறோம்.
நடுவில் அபினாஷ் குறுக்காகப் படுத்திருக்கிறான்,
ஒரு கால் உன் வயிற்றில்,
ஒரு கை என் சங்கிலியில்.
ஐந்து வருடமாய் அவன் தலைக்கு மேலாலேதான்
நம் கொடுக்கல் வாங்கல் எல்லாம்.
கள்ளத்தனமாய்ச் சந்திக்கிறவர்கள்கூட
இத்தனை மெதுவாய்ப் பேசமாட்டார்கள்.

ருக்ஷிதாவுக்குச் சனிக்கிழமை ஸ்கொலர்ஷிப் கிளாஸ்.
பிரமிளா கொண்டுவந்து விடுவாள்,
தியத்தலாவையிலிருந்து ரெயிலில் ஒரு ஸ்டேஷன்தானே.
இன்ஹேலர் எப்படிப் பிடிப்பதென்று தெரியுமா அவளுக்கு?
எழுதி வைப்போம்.
பெரியவள் கேரட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள்,
சின்னவன் பால்மாவைத் தூளாகவே தின்பான்,
இடி இடித்தால் அவன் காதைப் பொத்த வேண்டும்,
அவன் பொத்தச் சொல்லமாட்டான்.
பிள்ளைகளின் தாள்
நம்முடையதைவிட நீண்டுவிட்டது.

காலையில் நிஸ்தார் நானாவுக்கு
ஸ்பீக்கரில் போன் போட்டாய்.
பின்னால் ஓர் இரைச்சல்,
கடலா, மின்விசிறியா என்று
தலையோடு தலை ஒட்டிக் கேட்டோம்.
"எத்தின பேர் வாறீங்க? புள்ளயள் இருக்கா?"
"புள்ளைங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

கல்லில் ரொட்டி கருகியது.
பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு பேறுகாலம்,
அம்மை போட்ட ஒரு சித்திரை,
விழுந்த பல், முளைத்த பல்,
எல்லாவற்றையும் ஒரே சொல்லில் துடைத்துவிட்டாய்.
வாயக் கழுவு என்று தொடையில் கிள்ளினேன்.
நீயும் வெளுத்துப்போய்
மறுபடி நம்பரை அழுத்தினாய்.
"ரெண்டு இருக்கு நானா. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு.
நல்லாத்தான் இருக்காங்க.
கூட்டிட்டு வரல, அவ்வளவுதான்."
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.
"அப்ப மேல்மாடி ரூம் தாறன்.
அங்கால கடல் மட்டுந்தான்."

கடல் மட்டும் இருக்கிற அறையில்
என்ன பேசுவோமோ தெரியவில்லை.
ஸ்வெட்டர் போடாத உன்னைப்
பகல் வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாள்.
என் முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு
எப்போது வந்ததென்று
நீயும் கேட்டதில்லை.
அங்கே கேள்.
ஒரு பொய் தயாராய் வைத்திருக்கிறேன்.

தபால் கந்தோரில் லீவுப் படிவம்.
காரணம்: சொந்த அலுவல்.
எழுதிவிட்டு, முத்திரை வாங்க வந்தவரை நிற்கவைத்து
'சொந்த' என்ற சொல்லைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை கட்டியாகிவிட்டது.
உன் அரைக்காற்சட்டை, என் பழைய நீலச் சுடிதார்,
உறை பிரிக்காத வாசனைச் சோப்பு.
ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாய்ப் பனிமூட்டம்.
கொடியில் எதுவும் காயவில்லை.
அதனால்தான், பையின் ஓரத்தில்
ஷொப்பிங் பேக்கில் சுற்றி,
பள்ளிக்கூடச் சொக்ஸ் நான்கு ஜோடி, ஈரத்தோடு.

சிரிக்காதே.
அங்கே அவ்வளவு வெயிலும்
சும்மாதானே கிடக்கிறது.